ஒப்பு, தமிழில்

பூனா
9-2-1996

அன்புத் தங்கை ஓமனாவுக்கு,

அண்ணன் பொன்னுதாஸ் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். இந்தக் குளிரில் உன் மதினிக்குக் கைவிரல் மரத்துப்போகிறது, அது ஒன்றுதான் குறை. அங்கே நீயும் தாசையன் மச்சானும் ஷிஜாவும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

இந்த இன்லண்டை நானே ஒட்டி, ஒட்டின இடத்தில் நீல மையால் மூன்று கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் உடனே எழுது. தபால்காரர் சோமன் நம் பின்வீட்டுச் சரசம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதை நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடம் டிசம்பரில் எனக்கு ரிட்டயர்மென்ட். அம்மை எனக்கு விட்டுப்போன பதினாலு சென்டில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகப் போடலாம் என்று ரதீஷ் மேஸ்திரியிடம் வானம் தோண்டச் சொல்லியிருந்தேன். அவர் எழுதுகிறார், சரசம்மா ஒரு கோர்ட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி வேலையை நிறுத்திவிட்டாளாம். நம் நிலத்தின் கிழக்கு ஓரம் வழியாக அவள் ரோட்டுக்குப் போக ஆறடி வழி உண்டு என்று நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் போன நவம்பரிலேயே தீர்ப்பாகிவிட்டதாம். என் பேரில் கேஸ் கொடுத்து, நடத்தி, தீர்ப்பும் வாங்கியாயிற்று. எனக்கு மட்டும் தெரியாது! ஆறடி போனால் என் பிளானில் கிழக்குப் பக்கம் இரண்டு அறையும் போய்விடும். முப்பத்திரண்டு வருடம் வாடகை வீட்டில் கிடந்தவன், கடைசியில் சொந்த மண்ணிலும் ஒடுங்கிக்கொண்டா இருக்க வேண்டும்?

1994 லீவில் வந்தபோதுதான் அந்த ஓரத்தில், ரோட்டுப் பக்கம், இரும்புக் கேட் வைத்துப் பூட்டினேன். சாவியில் சிவப்புக் கயிறு கட்டி, பக்கத்தில் உன் வீட்டு அடுக்களை ஆணியில் நானே மாட்டினேன். ஒரு நாள் திறந்து கொடுத்தால்கூட அதையே வழக்கம் என்று பிடித்துக்கொள்வார்கள், என் எழுத்து வராமல் யாருக்கும் திறக்காதே என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது கேட் திறந்து கிடக்கிறது என்கிறார் மேஸ்திரி. பூட்டை உடைத்தார்களா, சாவி போட்டுத் திறந்தார்களா? சம்மன் என்று யாராவது வந்தார்களா? ஒளிக்காமல் எழுது.

அண்ணன்,
பொன்னுதாஸ்


கொல்லயில்
24-2-1996

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஓமனாவின் தோத்திரம். கடிதம் கிடைத்தது. மூன்று கோடும் விலகாமல்தான் வந்தது. இங்கே எல்லாருக்கும் சுகம். அவருக்கு மட்டும் முட்டுவலி, படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். ஷிஜாவுக்கு அடுத்த மாதம் பிரிடிகிரிப் பரீட்சை. மதினியிடம் கையில் நல்லெண்ணெய் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள். பாலராமபுரம் போனபோது மதினிக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். சின்னக் கரைதான், மதினிக்குப் பெரிய கரை பிடிக்காதே.

அடுக்களைப் பக்கத்துப் பலா இந்த வருடம் அடிமரத்திலேயே காய்த்திருக்கிறது. போன வருடம் ஒன்றுகூட இல்லை.

கோர்ட்டுக் காரியம் எனக்கு என்ன தெரியும் அண்ணா? கேட் திறந்துதான் கிடக்கிறது. பூட்டும் துருப்பிடித்துவிட்டது. சரசம்மா இப்போது அந்த வழியாகத்தான் போகிறாள், வருகிறாள். அவள் புருஷன் சுவாமிதாஸ் அண்ணன் இறந்த பிறகு சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது அவள்தான். என்னைக் கண்டால் பேசுவதில்லை.

வெயிலில் அலையாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
ஓமனா


பூனா
3-3-1996

அன்புள்ள ஓமனாவுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. இங்கே சுகம். மதினி எண்ணெய் தடவுகிறாள், கொஞ்சம் தேவலை. சேலை பற்றிச் சொன்னதும் அவளுக்கு வலியே மறந்துவிட்டது.

நீ பலாவைப் பற்றி இரண்டு வரியும் பூட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கிறாய். பூட்டு துருப்பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. எப்படித் திறந்தது என்று கேட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திராமல் வக்கீல் வைத்துவிட்டேன். இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு அவர் சொந்தம். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. அவர் சொன்னது இது: கேஸ் கொடுத்தால் பிரதிவாதிக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் போக வேண்டும். சம்மன் கிடைத்தும் அவன் வரவில்லையென்றால் எதிராளி சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்பார்ட்டி என்று பெயர். ஆனால் சம்மனே அவன் கைக்கு முறையாக வரவில்லை என்று காட்டினால், விவரம் தெரிந்த முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை எடுத்துப்போட வைக்கலாம். பிறகு கேஸ் முதலிலிருந்து நடக்கும். நடந்தால் ஜெயிப்பது நான்தான், ஆதாரப் பத்திரத்தில் வழி என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. நேற்று மனுப் போட்டிருப்பார்கள்.

எனக்குச் சம்மன் வரவில்லை. அப்படியானால் யாரோ விழுங்கியிருக்கிறார்கள். சம்மன் கொண்டுவரும் அமீனைச் சரிக்கட்டியிருப்பார்கள், அல்லது சோமன் ஏதோ செய்திருக்கிறார். நீ ஒருநாள் நெய்யாற்றின்கரைக்குப் போய் வக்கீல் குமாஸ்தா சிவதாணுவைப் பார். மச்சானைக் கூட்டிப் போகாதே. காரணம் கேட்காதே.

அண்ணன்,
பொன்னுதாஸ்


கொல்லயில்
30-3-1996

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஓமனாவின் அன்பு. நாளை குருத்தோலை ஞாயிறு, வீட்டைக் கழுவி இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் சுகம். ஷிஜா பரீட்சை எழுதுகிறாள்.

எழுதத் தாமதித்ததற்குக் கோபிக்க வேண்டாம். சிவதாணு சாரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். உட்கார ஸ்டூல் போட்டுத் தந்து, "பேடிக்க வேண்டாம் பிள்ளே. சம்மன் அண்ணனுக்குக் கிட்டல்லன்னு கோர்ட் நம்பினாப் போதும் ஆக்கும். தீர்ப்ப எடுத்துக் களஞ்சிட்டு முதல்ல இருந்து விளிக்கும். நகலுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, சம்மன ஆரு வாங்கினதுன்னு அதுல காணும்" என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அம்மை கிடப்பில் கிடந்த ஒன்றரை வருடமும் சரசம்மா தினமும் அந்த ஓரம் வழியாகத்தான் வந்தாள். நான் ஒருத்தியாக அம்மையைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாது, அவள் கால்பக்கம் பிடிப்பாள். "ஒனக்க வழி ஒனக்குத்தான் சரசம்மா" என்று அம்மை என் காது கேட்கச் சொன்னது உண்டு. அந்தப் பக்கம் வயல், வரப்பு வழியாகச் சுற்றினால் ரோட்டுக்கு அரை மணிக்கூர். ஆறடி வேண்டாம், மூன்றடி கொடுத்தால் என்ன?

தப்பாக நினைக்க வேண்டாம். மனதில் பட்டதை எழுதினேன்.

அன்புத் தங்கை,
ஓமனா


பூனா
16-4-1996

ஓமனாவுக்கு,

நாங்கள் சுகம். ஈஸ்டருக்கு இங்கே தமிழ் ஆராதனை இருந்தது, உன் நினைவு வந்தது.

நன்றி வேறு, நிலம் வேறு. அம்மை ஆயிரம் சொல்லியிருக்கலாம், பத்திரத்தில் எழுதவில்லை. மூன்றடி கொடுத்தால் நாளைக்கு ஆட்டோ போக ஆறடி கேட்பார்கள். உனக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மச்சானிடம் சொல், அவர் முட்டுவலியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி முக்கியமான காரியம். நகல் வந்துவிட்டது. சரசம்மா கொடுத்த மனுவில் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருக்கிறாள். கேட் பூட்டியிருந்ததால் புருஷனை ஆஸ்பத்திரிக்கு வயல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று, வழியிலேயே போய்விட்டார் என்று. இதெல்லாம் வக்கீல் சேர்க்கும் மசாலா. நீ அப்போது நெஞ்சுவலி என்றுதானே எழுதினாய்? நான் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

சம்மன் தாளின் நகலைப் பார்த்தபோதுதான் நான் சிரித்தேன். 2-8-1995 அன்று, பிரதிவாதியின் வீட்டில், குடும்பத்துப் பெண் ஒருவர் வாங்கி ஒப்பிட்டாராம். கையெழுத்து இருக்கிற இடத்தில் டைப் செய்தவர் அடைப்புக்குள் போட்டிருக்கிறார்: "ஒப்பு, தமிழில்". கள்ளம் எங்கே அகப்பட்டது பார்த்தாயா! கொல்லயிலில் ஒப்பிடுகிறவர்கள் எல்லாரும் மலையாளத்தில்தான் இடுவார்கள். தமிழில் இடுகிற ஒரு பெண்ணை எல்லை தாண்டி, களியக்காவிளைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து நம் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சரசம்மாவின் நாத்தனார் விளவங்கோட்டுக்காரிதானே.

நீ ஒரு சத்திய வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பொன்னுதாஸுக்குச் சொந்தமான பெண் யாரும் அந்தச் சம்மனை வாங்கவில்லை என்று இரண்டு வரி. சிவதாணு எழுதி வைத்திருப்பார், நீ ஒப்பிட்டால் போதும். உடனே போ.

பொன்னுதாஸ்


பூனா
20-5-1996

ஓமனாவுக்கு,

சுகமா? ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. சிவதாணு நீ வரவே இல்லை என்று எழுதுகிறார். என் கடிதம் உன் கைக்கு வந்ததா, சோமன் கைக்குப் போனதா? இதை ரிஜிஸ்டரில் அனுப்புகிறேன். யாருக்காவது சுகமில்லையென்றால் மறைக்காமல் எழுது. மதினி தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

பொன்னுதாஸ்


கொல்லயில்
4-6-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. மாட்டுத் தொழுத்தில் ஒழுகுகிறது. அதனால் நெய்யாற்றின்கரைக்குப் போக முடியவில்லை. ஷிஜாவின் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

அவரை நீங்கள் சந்தேகப்படுவது தவறு. அவருக்கு ஒன்றும் தெரியாது.

மதினிக்கு அன்பு சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை


பூனா
15-6-1996

ஓமனா,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். இருபத்தாறு வருடக் கடிதம். ஒவ்வொன்றின் அடியிலும் உன் பெயர் இருக்கிறது. 'ஓ' எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்து, பெயருக்குக் கீழே ஒரு கோடாக்கி விடுவாய். இந்தக் கடிதம் ஒன்றில்தான் பெயர் இல்லை. 'தங்கை' என்று மட்டும் இருக்கிறது.

அம்மை விளவங்கோட்டுக்காரி. பிள்ளைகள் தமிழ் வேதாகமம் வாசிக்க வேண்டும் என்று நம் இரண்டு பேரையும் மூன்று மைல் நடத்தி, எல்லைக்கு அப்பால் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினாள். கொல்லயிலில் தமிழில் ஒப்பிடுகிற பெண் யார் என்று ஊரெல்லாம் தேடினேனே தவிர, எனக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறவள் யார் என்று யோசிக்கவில்லை. சோமனைச் சந்தேகப்பட்டேன், அமீனைச் சந்தேகப்பட்டேன், மச்சானை, சரசம்மாவின் நாத்தனாரை எல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் விட்டுவிட்டேன்.

நீதானே?

ஏன் என்று இப்போது கேட்கவில்லை. கேட்டால் என் ரத்தக்கொதிப்பு ஏறும். வக்கீலிடம் போனில் பேசினேன். இது நமக்கு இன்னும் நல்லது என்கிறார். நீ கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கிறவள். என்னோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர் வாங்கினால்தான் அது எனக்குக் கிடைத்ததாகக் கணக்கு. நீ வாங்கியது செல்லாது. ஜூலை 22 அன்று கோர்ட்டில் ஏறி, 'நான் வாங்கினேன், நான் வேறு வீட்டில் இருக்கிறேன், அண்ணனுக்குச் சொல்லவில்லை' என்று மூன்று வாக்கியம் சொன்னால் தீர்ப்புப் போய்விடும். பொய் ஒன்றும் இல்லை. வேதாகமத்தில் கை வைத்துத் தாராளமாகச் சொல்லலாம்.

சொல்லுவாயா?

பொன்னுதாஸ்


கொல்லயில்
28-6-1996

அண்ணனுக்கு,

ஓமனா எழுதுவது. உங்கள் ரத்தக்கொதிப்பை நினைத்துப் பயந்துகொண்டே எழுதுகிறேன். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்.

நான்தான்.

சரசம்மா மனுவில் எழுதியது மசாலா இல்லை. போன வருடம் மே பதினொன்றாம் தேதி, மதியம். முந்தின நாள் நல்ல மழை, வரப்பெல்லாம் சேறு. சுவாமிதாஸ் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் கிழக்கு ஓரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோட்டில் ஜீப் நிற்கிறது. நடுவில் கேட். "ஓமனே, கேற்றத் தொற, ஆளுக்கு மூச்சு முட்டுகு" என்று சரசம்மா விளிக்கிறாள். நான் சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடிவந்தேன். சாவியைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒருவர் கல்லை எடுத்துப் பூட்டை அடித்தார். நீங்கள் பூனாவிலிருந்து கொண்டுவந்த பூட்டு, உடையவில்லை. கையாலைச் சுவர் மேலெல்லாம் நீங்கள் போட்ட முள்கம்பி. அப்படியே நாற்காலியைத் திருப்பி வயல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆள் இல்லை.

சுவாமிதாஸ் அண்ணனுக்கு நெஞ்சுவலி என்றுதான் உங்களுக்கு எழுதினேன். அது நிஜம்தான். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்டில் நான் அம்மை வீட்டு முற்றத்தை விளக்குமாறால் தூத்துக்கொண்டிருந்தபோது அமீன் வந்தார். கேட்டைத் திறந்துவிட்டேன். "பொன்னுதாஸுக்க வீடு இதாக்குமா? நீங்க இஞ்சத்த ஆளா?" என்று கேட்டார். "எனக்க அண்ணனாக்கும், நான் இந்த வீட்டுப் பெண்தான்" என்றேன். அவர் மேல் குற்றமில்லை. ஒப்பிட்டு வாங்கி, உங்கள் கடிதங்கள் இருக்கிற தகரப் பெட்டியிலேயே வைத்தேன். மூன்று நாள் இன்லண்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீங்கள் வக்கீல் வைப்பீர்கள், ஜெயிப்பீர்கள், கேட் பூட்டியே கிடக்கும். எழுதவில்லை. நவம்பரில் தீர்ப்பு வந்த அன்று நான்தான் போய்க் கேட்டைத் திறந்துவைத்தேன்.

இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டுக்குப் போகிறேன். நீங்கள் சொன்ன மூன்று வாக்கியத்தையும் சொல்கிறேன். அது உண்மை, நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆனால் ஜெயித்த பிறகு அந்தக் கேட்டைப் பூட்ட நீங்கள்தான் வர வேண்டும். சாவி இனி என் வீட்டில் இருக்காது.

மதினிக்கு என் அன்பு.

ஓமனா


கொல்லயில்
24-7-1996

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஓமனாவின் தோத்திரம். என் கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை. சுகமில்லையோ என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சுகம். ஷிஜா பாஸாகிவிட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி போனேன். அவரும் வந்தார், இந்த முறை நான்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கோர்ட் வராந்தாவில் எதிரே சரசம்மா காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சொல்ல வேண்டிய மூன்று வாக்கியத்தையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ் விளித்தார்கள். நான் எழுந்தேன். சிவதாணு சார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வக்கீல் எழுந்து ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார், ஜட்ஜ் எழுதினார், அவ்வளவுதான்.

வெளியே வந்து சிவதாணு சார் சொன்னார்: "ஒன்னும் பறய வேண்டாம் பிள்ளே. மனுவ நடத்தண்டாம்னு அண்ணன் தந்தி அடிச்சாச்சு. தீர்ப்பு அப்படியே நிக்கும். ஆளு லேசுப்பட்ட ஆளில்ல கேட்டியா, மொதத் தந்தி நெசந்தானான்னு தன்கிட்டயே விசாரிக்கச் சொல்லி ரெண்டாவதும் ஒரு தந்தி அடிச்சிருக்காரு!"

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

திரும்பும்போது ஒரே பஸ். இடம் இல்லாமல் சரசம்மா பக்கத்தில்தான் உட்கார வேண்டியதாயிற்று. பஸ் அமரவிளை தாண்டியது. பிறகு மழை பிடித்தது. "ஓமனே, சீல நனையுகு. இஞ்சோட்டு நீங்கி இரி" என்று தன் பக்கம் இடம் விட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான்.

உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி கண்டால்தான் எனக்கு நிம்மதி.

அன்புத் தங்கை,
ஓமனா


பூனா
10-8-1996

அன்புத் தங்கை ஓமனாவுக்கு,

நான் சுகம். ரத்தக்கொதிப்பு கொஞ்சம் ஏறி, ஒரு வாரம் லீவு போட்டுப் படுத்திருந்தேன், இப்போது இறங்கிவிட்டது. ஷிஜாவுக்கு மாமாவின் வாழ்த்தைச் சொல். மச்சானிடம் நான் முட்டுவலியைப் பற்றி எழுதியதைக் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். காட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வழி ஆறடிதான். ஆறடிக்கு மேல் ஒரு விரல் போகக் கூடாது. தீர்ப்பில் உள்ள அளவுப்படி இரண்டு பக்கமும் கல் நட்டு எனக்கு எழுது. அடுத்த மே மாதம் நானே டேப் கொண்டுவந்து அளப்பேன். நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. பிளானில் கிழக்கு அறை இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு அறை மேற்கே போகிறது, மற்றது இல்லை. நானும் மதினியும் இரண்டு பேர்தானே, எத்தனை அறை வேண்டும்.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தபோது என் புத்தி வழக்கம்போலத்தான் போயிற்று. போன வருடம் மே மாதம் தேடியும் கிடைக்காத சாவி, ஆகஸ்டில் அமீன் வந்தபோது உடனே கிடைத்திருக்கிறது. ஆணியில் மாட்டியவன் நான். உன் வீட்டில் ஊசிகூட இடம் மாறாது என்பதும் எனக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்று ஒரு தாளை எடுத்தேன். எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் கேட்க மாட்டேன் ஓமனா. வாழ்நாள் முழுவதும் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன், இதை ஒன்றை விட்டுவிடுகிறேன். திறக்காதே என்று சொன்னவன் நான். அந்த மனுஷன் செத்ததில் பெரிய பங்கு எனக்குத்தான். அதைச் சரசம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மே மாதம் வந்து யோசிக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் கோடு போடவில்லை. சோமனிடம் என் விசாரிப்பைச் சொல்.

அண்ணன்,
பொன்னுதாஸ்


கொல்லயில்
21-8-1996

பிரியமுள்ள அண்ணனுக்கு,

ஓமனாவின் அன்பு. நீங்கள் எழுந்து நடமாடுவது கேட்டுச் சந்தோஷம். இங்கே மழை விட்டிருக்கிறது. கல் நட்டாயிற்று, ஆறடிக்கு ஒரு விரல் கூடவில்லை. கேட்டையும் கழற்றிவிட்டோம். அவர் முட்டுவலியோடு ஒரு பக்கம் பிடித்தார், சரசம்மா வந்து மறுபக்கம் பிடித்தாள்.

நீங்கள் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல முடிகிறது.

நான் சாவியைத் தேடவில்லை அண்ணா. முதல் விளி கேட்டதுமே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். ரோட்டில் நிற்கும்போது அது என் கைக்குள்தான் இருந்தது. திறந்தால் அண்ணன் என்ன எழுதுவாரோ என்று நினைத்தேன். வாயுவாக இருக்கும், சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். அவர்கள் கல்லால் பூட்டை அடிக்கிறார்கள், நான் சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு "காணல்லியே, காணல்லியே" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். உங்கள் பேரில் பழியைப் போட எனக்கு மனதில்லை. நீங்கள் பூனாவில் இருந்தீர்கள். கை என்னுடையது.

நாற்காலியைத் திருப்பின பிறகு சரசம்மா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். என் விரலுக்கிடையில் சிவப்புக் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்ப்பதை.

மனுவில் எல்லாம் எழுதினாளே, இதை எழுதவில்லை. கோர்ட்டில் சொல்லவில்லை. ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நேற்றுக் கேட்டைத் தூக்கும்போது கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "எனக்கு வேண்டினது வழியாக்கும் ஓமனே. நீ இல்ல" என்றாள். பிறகு சாவியைத் தா என்று கேட்டு வாங்கி, கயிற்றை அவிழ்த்து என்னிடம் தந்துவிட்டு, சாவியை வயலில் எறிந்தாள்.

கயிறு என்னிடம் இருக்கிறது. மே மாதம் நீங்கள் வரும்போது இரண்டு பேருமாக அவள் வீட்டுக்குப் போவோம். அந்த வழியாகவே போவோம்.

கீழே என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன்.

ஓமனா